பதினேழு நம்பர் போல்ட்

எங்கள் ஊரில் போல்ட்டுக்குப் பெயர் வைப்பது ஸ்பேனர்தான். போல்ட்டின் தலையில் எந்த ஸ்பேனர் உட்காருகிறதோ அந்த எண்தான் அதன் பெயர். பத்து நம்பர், பன்னிரண்டு நம்பர், பதினேழு நம்பர். தலைக்குக் கீழே உடம்பு எவ்வளவு தடிமன், அதில் மரை எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. தொப்பியின் அளவைப் பார்த்து ஒரு பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்கிற மாதிரியான வேலை இது. இருபது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவள் நான். எனக்கே இது தெரியாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்னும் மோசம்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. வலது கால் சூம்பிப்போய்விட்டது. இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்த காலிப்பரை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கோலோடு நடப்பேன். வீடு தென்காசியில். கீழ் வீட்டில் நானும் அம்மாவும், மாடியில் அண்ணன் குடும்பம். வேலை குற்றாலம் போகிற வழியில் ஓர் அரசுப் பள்ளியில். முதல் பதின்மூன்று வருடம் அண்ணன்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தான். குறை சொல்ல மாட்டேன், ஒரு நாள் கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் அவன் உரக்கடையைத் திறக்கிற நேரம்தான் நான் பள்ளிக்குப் போகிற நேரமாக இருந்தது. அவன் மத்தியானம் சாப்பிட வருகிற நேரத்தில்தான் எனக்கு அரை நாள் லீவு கிடைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் பின்பக்கம் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கினேன். பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல் பஜாரில் வண்டியை நிறுத்தி, வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு டீ குடிக்கலாம் என்பது எனக்கு முப்பத்து ஏழாவது வயதில்தான் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் செங்கோட்டை வரை போய்த் திரும்பினேன். ஒரு வேலையும் இல்லை. போக முடிகிறதா என்று பார்க்கத்தான் போனேன். நடக்கிறவர்களுக்கு இது விளங்காது.

சக்கரம் வைத்த பக்கங்களில் இரண்டு கனத்த இரும்புத் தட்டுகள் உண்டு. வண்டியின் உடம்போடு தட்டு சேரும், தட்டோடு சக்கரத்தின் கை சேரும். அந்தக் கையை ஒரே ஒரு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கும். தட்டின் பின்பக்கம் ஒரு நட்டை வெல்டு வைத்திருப்பார்கள், போல்ட் அதற்குள் ஏறும். ஒரு பக்கத்துக்கு ஒரு போல்ட்.

போன ஆடியில் வலது பக்கத்திலிருந்து கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சீசன் நேரம், ஒரு மாதமாகச் சாரல். ரோட்டில் குளிக்க வந்தவர்களின் வேன்கள் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் மிச்சமிருக்கிற பள்ளங்களில்தான் நான் போக வேண்டும். இடைத்தேர்வு தொடங்குகிற நாள் காலையில் சத்தம் தாங்க முடியாமல் போய், வழியில் இருக்கிற மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். அறுபதை நெருங்கியவர், அதிகம் பேச மாட்டார்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு வலது பக்கப் போல்ட்டைக் கழற்றினார். துருப்பிடித்து, தலைக்குக் கீழே தேய்ந்திருந்தது. டப்பாவைக் கிளறி அதே பதினேழு நம்பரில் புதுசு ஒன்றை எடுத்தார். விரலால் சுழற்றினார். இரண்டு சுற்றுப் போய் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார். என் மடியில் எட்டாம் வகுப்பு வினாத்தாள் கட்டு இருந்தது. அது போய்ச் சேராமல் பரீட்சை ஆரம்பிக்காது. நானும் ஏதோ சொன்னேன். அவர் ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி, முழு உடம்பையும் கொடுத்து இழுத்தார். முறுகுகிற சத்தம் கேட்டது. பழைய போல்ட்டைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார். கழற்றிய பழசை வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவது இங்கே மெக்கானிக்குகளின் வழக்கம், புதுசு மாற்றியதற்கு அதுதான் சாட்சி. அதை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், ஐந்தருவிக்குப் பிரிகிற இடத்தில் வலது சக்கரம் வெளியே மடங்கியது. வண்டி சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். முழங்கை தோல் உரிந்து, காலிப்பரின் கம்பி வளைந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரத் துண்டோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர் ஓடி வந்து தூக்கினார்கள். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் தூக்கி உட்கார வைத்ததும் ஒருவர் கேட்டார், "கூட யாரும் வரலையாம்மா?" என் வாழ்க்கையில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். விழுந்த வலியைவிட அது வலித்தது.

அண்ணன் வந்தான். ஒரு குட்டியானை வேனில் வண்டியை ஏற்றி வீட்டு முற்றத்தில் இறக்கினான். அம்மா என் முழங்கையைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தாள்.

"போதும்ட்டி. நாளையிலருந்து ஆட்டோ," என்றான் அண்ணன்.

"மெக்கானிக் போல்ட்ட ஒழுங்கா போடல. அதுக்கு நான் என்ன செய்ய?"

"யாரு போட்டா என்ன? விழுந்தது நீதான."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அம்மா, "எங்க கண்ணு முன்னால இருந்தா அது போதும்மா எங்களுக்கு," என்றாள். எனக்கு நாற்பத்து நாலு வயது. உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் "டீச்சர், அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆட்டோக்காரர் தங்கமான ஆள். ஆனால் காலையில் எட்டு பத்துக்கும் வருவார், எட்டு நாற்பதுக்கும் வருவார். சாயங்காலம் நாலேகாலுக்குப் பள்ளி விட்டால் ஐந்து மணி வரைக்கும் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். நான் ஏறியதும் அண்ணனுக்குப் போன் போடுவார், "டீச்சர ஏத்தியாச்சு அண்ணாச்சி." வாசலில் இறங்கியதும் இன்னொரு போன், "இறக்கியாச்சு." பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிக்குக்கூட இவ்வளவு விவரம் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் நாள், "பஜார்ல ஒரு நிமிஷம் நிறுத்துங்க," என்றேன். "அண்ணாச்சி நேரா வீட்டுக்குன்னுல்லா சொல்லிருக்காவ," என்றார். அவர்மேல் என்ன தப்பு? அன்றைக்கு டீயை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அப்போதுதான் தீர்மானித்தேன், இதை நிரூபிப்பது என்று. கணக்கு வாத்திச்சிக்கு வேறு என்ன தோன்றும்? தப்பு போல்ட்டில் இருக்கிறது, என்னிடம் இல்லை என்று காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டால் சாவி தானாக வந்துவிடும் என்று நம்பினேன்.

டிக்கியிலிருந்து பழைய போல்ட்டை எடுத்தேன். சக்கரம் மடங்கியபோது பிய்த்துக்கொண்டு வந்த புதுசையும் அண்ணன் வண்டியோடு கொண்டுவந்து போட்டிருந்தான். அதன் மரை முன்பாதி கிழிந்து, பின்பாதி நன்றாக இருந்தது. இரண்டும் ஒரே தடிமன். இரண்டின் தலையும் ஒரே அளவு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. சரி, புதுசு மட்டமான இரும்பு போல, நல்லதாக ஒன்று வாங்கினால் போதும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை தென்காசியில் ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் பழைய போல்ட்டை மேஜைமேல் வைத்தேன். கடைக்கார அண்ணாச்சி ஸ்பேனரை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார்.

"பதினேழு நம்பர். எத்தன வேணும்?"

"இதே மாதிரி வேணும் அண்ணாச்சி. நல்ல கம்பெனியா."

"எல்லாம் நல்லதுதான் டீச்சர். பதினேழுன்னா பதினேழுதான."

வாங்கி வந்து வீட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பழசையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழ வேண்டும். முதல் மேடு விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் ஏறி நின்றது. நாலாவதில் மேட்டின்மேல் மேடு. நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மெக்கானிக், கடைக்காரர், நான் என்று மூன்று பேர் கையிலும் புழங்கிய ஒரு சின்ன விஷயம் அந்த ஜன்னல் ஓரத்தில்தான் முதல் முறையாக என் கண்ணில் பட்டது. தடிமன் ஒன்று, தலை ஒன்று, மரையின் இடைவெளி வேறு.

பள்ளி ஸ்கேலை எடுத்து அளந்தேன். புதுப் போல்ட்டில் பதினைந்து மில்லிமீட்டருக்குள் எத்தனை மரை என்று எண்ணினேன். பதினொன்று. பதினைந்தைப் பதினொன்றால் வகுத்தால் ஒன்று புள்ளி மூன்று ஆறு. இணையத்தில் ஏதேதோ அட்டவணைகள் கிடைத்தன. ஒன்றிலும் ஒன்று புள்ளி மூன்று ஆறு இல்லை. ஸ்கேல்தான் கோளாறு என்று வேறு ஸ்கேல் வாங்கினேன். மறுபடி பதினொன்று. ஞாயிறு முழுக்க அந்த எண்ணோடு மல்லுக்கட்டினேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது எரிந்து விழுந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணன், கையில் போல்ட்டும் கண்ணில் கண்ணாடியுமாக நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "எம்மா, இவளுக்கு மரை கழண்டுட்டு போலிருக்கே," என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் ஒரு கணக்கு. நூறு மீட்டர் பாதையில் பத்து மீட்டருக்கு ஒரு மரம் நட்டால் எத்தனை மரம்? எல்லாரும் பத்து என்றார்கள். "மரத்த எண்ணுதீங்களா, இடைவெளிய எண்ணுதீங்களா? இடைவெளி பத்துன்னா மரம் பதினொண்ணு," என்று வழக்கம்போலக் கத்தினேன். கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நான் எண்ணியது மேடுகளை. மேடு பதினொன்று என்றால் இடைவெளி பத்து. பதினைந்து மில்லிமீட்டரில் பத்து இடைவெளி, ஆக ஒன்றரை. இருபது வருடம் பிள்ளைகளைத் திட்டிய தப்பை நானே செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாழாக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பழைய போல்ட்டில் பத்து இடைவெளிக்குப் பன்னிரண்டரை மில்லிமீட்டர் வந்தது. அதாவது ஒன்றேகால். இப்போது அட்டவணை ஒத்துக்கொண்டது. பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட்டில் சாதாரணமாகக் கடையில் கிடைப்பது ஒன்றரை மரை. வண்டிகளில் அதிகம் வருவது பொடி மரை, ஒன்றேகால். வித்தியாசம் கால் மில்லிமீட்டர். விடைத்தாள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் வருகிற கனம். முதல் சுற்றில் கால் விலகும், இரண்டாவதில் அரை. அதற்குள் மேடும் மேடும் முட்டிக்கொள்ளும். விரலால் இரண்டே சுற்றுப் போய் நின்றது ஏன் என்று இப்போது கணக்காகவே தெரிந்தது. அதற்குமேல் குழாயைப் போட்டு இழுத்தால் இரும்பு இரும்பைத் தின்னும்.

மறுபடி அதே ஹார்டுவேர் கடை. "அண்ணாச்சி, பத்து எம்.எம்., மரை ஒன்றேகால் வேணும்," என்றேன்.

"நம்பர் சொல்லுங்க டீச்சர்."

"நம்பர் ரெண்டுக்கும் ஒண்ணுதான். மரைதான் வேற."

"மரைல என்ன வேற? எல்லாம் வலது பக்கம் சுத்துனா ஏறும்." பின்னால் நின்றிருந்த பெயின்டர் சிரித்தார். கடைக்காரர் என்னைத் தாண்டி ஆட்டோக்காரரிடம், "டீச்சருக்கு என்ன வேணுமாம்? வீட்ல ஆம்பளைய யாரையாவது வரச் சொல்லுமேன்," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கோலால் அந்த டப்பாக்களையெல்லாம் தட்டிவிட்டிருப்பேன். செய்யவில்லை. செய்திருந்தால் அதுவும் அண்ணனுக்குப் போனில் போயிருக்கும்.

பாவூர்சத்திரத்தில், காய்கறி டெம்போக்களுக்கு வேலை பார்க்கிற ஒரு லேத் பட்டறை இருப்பதாக எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் சொன்னார். அடுத்த சனிக்கிழமை ஆட்டோவில் அங்கே போனேன். பட்டறைக்காரர் நாற்பது வயதுக்காரர், கை முழுக்க கிரீஸ். ஆட்டோக்காரரை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் என்னிடம் கேட்டார், "என்னம்மா வேணும்?" அந்த ஒரு கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

நான் விவரம் சொன்னதும் மேஜைக்குள்ளிருந்து ஒரு கருவியை எடுத்தார். விசிறி மாதிரி விரிகிற சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரம்பம் மாதிரிப் பற்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஓர் எண். ஒன்றரைத் தகட்டைப் பழைய போல்ட்டின்மேல் வைத்தார், ஆடியது. ஒன்றேகால் தகட்டை வைத்தார், நகம் நுழைகிற இடமில்லாமல் உட்கார்ந்தது. நான் மூன்று நாள் ஸ்கேலோடு கட்டிப்புரண்டதை அவர் மூன்று நொடியில் முடித்துவிட்டார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

"நீங்க சொன்னது சரிதாம்மா," என்றவர் கிழிந்த புதுப் போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "குழாயப் போட்டு இழுத்திருக்காவ. இதோட மரையே இந்தக் கதின்னா நட்டுக்குள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காது. இனி சரியான போல்ட்டப் போட்டாலும் நிக்காது."

"அப்ப என்ன செய்ய?"

"தட்டக் கழட்டிக் கொண்டாங்க. பழைய நட்ட வெட்டிட்டு வேற நட்டு வெல்டு வச்சுத் தாரேன். ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க. எந்தப் போல்ட்டும் விரலாலயே முக்காவாசி ஏறணும். ஸ்பேனர் கடைசி அரைச் சுத்துக்குத்தான்."

வீட்டுக்கு வந்து ஆட்டோக்காரரிடம், "அந்தத் தட்டக் கொஞ்சம் கழட்டித் தாங்க," என்றேன். அவர் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். "டீச்சர் வண்டித் தட்டக் கழட்டச் சொல்லுதாவ. கழட்டவா?" என் முன்னாலேயே கேட்டார். சண்டைக்குத் தயாராக நின்றேன். அண்ணன், "கழட்டிக் குடு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஏன் என்று புரியவில்லை, யோசிக்கவும் இல்லை.

நட்டு மாற்றி, பொடி மரைப் போல்ட் இரண்டு வாங்கி, நாலாவது வாரம் தட்டு வீட்டுக்கு வந்தது. முற்றத்தில் சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்து நானே மாட்டினேன். போல்ட்டை நட்டின் வாயில் வைத்து விரலால் சுழற்றினேன். இரண்டாவது சுற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிற்கவில்லை. மூன்று, நாலு, ஐந்து, எண்ணெய்க்குள் போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கடைசி அரைச் சுற்றுக்கு ஸ்பேனரை எடுத்தேன். அந்த மாதம் முழுவதிலும் நான் சந்தோஷமாக இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. மெக்கானிக்கிடம் போய்க் கேட்க வேண்டும் என்று மனசு துடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு, பையில் பழசு, கிழிந்தது இரண்டையும் போட்டுக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். இரண்டையும் அவர் முன்னால் வைத்து, ஒன்றேகால், ஒன்றரை, கால் மில்லிமீட்டர் என்று ஒரு பாடமே நடத்தினேன். அவர் கையைத் துணியில் துடைத்தபடி கடைசி வரை கேட்டார்.

"தெரியும் டீச்சர்," என்றார்.

"தெரிஞ்சுமா குழாயப் போட்டு இழுத்தீங்க?"

"நான் அன்னைக்கே சொன்னேனே. கையில ரெண்டு சுத்துக்கு மேல போகல, மரை சேரல, வண்டி இங்கன நிக்கட்டும், தென்காசில போயி வேற வாங்கிட்டு வாரேன்னு. நீங்கதான், 'கேள்வித்தாள் கையில இருக்கு, எப்படியாவது ஏத்திவிடுங்க, சாயங்காலம் வந்து மாத்திக்கிடுதேன்'னு சொன்னீங்க." அவர் குரல் உயரவே இல்லை. "அப்புறம் வரவே இல்ல. ரெண்டு தடவ இந்த வழியா போனீங்க, கை காட்டுனேன். அவசரமா போறீங்கன்னு நெனச்சேன்."

மறந்துபோயிருந்தேன் என்று எழுதலாம், யாரும் வந்து சரிபார்க்கப்போவதில்லை. ஆனால் மறக்கவில்லை. அவர் வாய் திறந்ததும் என் வார்த்தைகள் ஒவ்வொன்றும் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தன. விழுந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் நினைப்பைப் போகவிடாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். "என்மேலயும் தப்பு உண்டும் டீச்சர். நீங்க சொன்னாலும் நான் ஏத்திருக்கக் கூடாது," என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். போனில் பேசியதற்கும் சேர்த்துக் கேட்டேன்.

ஆட்டோவில் திரும்பும்போது ஒரே யோசனை. வீட்டில் இதைச் சொன்னால் கதை முடிந்தது. அவசரத்தில் தெரிந்தே தப்பான போல்ட்டில் ஓடியவள் கையில் எந்த அண்ணன் வண்டியைக் கொடுப்பான்? சொல்லாவிட்டால் தட்டு தயார், கணக்கு தயார், மெக்கானிக் தலையில் பழி. எல்லாம் என் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த மனுஷர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றது மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே போனால் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரிந்ததால் நின்றபடியே சொன்னேன்.

"மெக்கானிக் மேல தப்பு இல்ல. மரை சேரலன்னு அன்னைக்கே சொன்னாரு. நாந்தான் ஏத்தச் சொன்னேன்."

அண்ணன் தாளைத் தாழ்த்தினான். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ விழுந்த மறுநாளே அவரு என் கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. நீ போன்ல ஏசுனதையும் சொன்னாரு."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுதியான்னு பாத்தேன்."

காது இரண்டும் சூடாகிவிட்டது. ஜன்னல் கண்ணாடியை உடைத்தவன் தானாக எழுந்திருக்கட்டும் என்று வகுப்பில் நான் கைகட்டி நிற்பேனே, அதையே நாலு வாரம் என்னிடம் செய்திருக்கிறான். நான் ஸ்கேலும் போல்ட்டுமாக அலைந்ததை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

"போல்ட்டுக்காக நான் சாவிய வச்சுக்கிடல," என்றான். "விழுந்து வந்தும் பொய் சொல்லுதியேன்னுதான் திருப்பிக் குடுக்கல. நாளைக்கு வேற எதாவதுன்னாலும் சொல்லமாட்ட, அதான் பயம்."

"சரி. அன்னைக்கே உண்மையச் சொல்லிருந்தா சாவியக் குடுத்திருப்பியா?"

உடனே பதில் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். தாளை மடித்தான். அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தான். "குடுத்திருக்க மாட்டேன்," என்றான்.

என் அண்ணன் நேர்மையானவன். அதை நான் எப்போதும் சொல்லுவேன்.

கையை நீட்டினேன். "சாவி."

மாடிக்குப் போய் எடுத்து வந்து உள்ளங்கையில் வைத்தான். அம்மா, "மழ வரும்மா, சாயங்காலமா போயேன்," என்றாள். நான் வண்டியில் ஏறித் தெருவுக்கு இறக்கினேன். சக்கரம் ஆடவில்லை, சத்தமில்லை. தப்பு என்னுடையது, அதை வாய்விட்டு ஒப்புக்கொண்டேன், இன்னும் எத்தனை பேர் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் என் பெயரில் இருக்கிற வண்டியின் சாவிக்கு, நாற்பத்து நாலு வயதில், வாசலில் நின்று கையை நீட்டினேன் பாருங்கள், அதை மட்டும் இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.